கழுத்துக்குக் கீழே

என் மகளுடைய கம்ப்யூட்டருக்குள் தலையில்லாத ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆண்கள் கோட்டும் டையும் போட்டிருப்பார்கள். பெண்கள் பட்டுச் சேலை கட்டி, மார்பு நிறைய நகை போட்டிருப்பார்கள். எல்லாரும் கழுத்தோடு நின்றுவிடுவார்கள், அதற்கு மேலே ஒன்றுமில்லை. ஒருநாள் அவளுக்கு மைலோ கலக்கிக்கொண்டு போனபோது திரை முழுக்க வரிசை வரிசையாக இருந்தார்கள். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யாருடி இவங்கல்லாம்?”

“யாரும் இல்லம்மா. வெறும் உடம்பு. செத்துப் போனவங்களுக்குப் போடுறதுக்கு.”

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் யாராவது இறந்துவிட்டால் முதலில் தேடுவது படம். பெட்டிக்கு முன்னால் வைக்க ஒன்று வேண்டும், வாசலில் கட்ட பேனர் வேண்டும், வாட்சாப்பில் அனுப்ப அறிவிப்பு வேண்டும். ஆனால் வயதானவர்களுக்கு நல்ல படம் இருப்பதில்லை. ஐசியில், அந்த அடையாள அட்டையில் இருக்கிற முகம்தான் இருக்கும். இல்லாவிட்டால் யாரோ கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில் பாதி முகம் தெரியும். அந்த முகத்தை வெட்டி எடுத்து இந்த உடம்புகளில் ஒன்றின் மேல் வைப்பாள். கழுத்து ஒட்டுகிற இடத்தைத் தேய்ப்பாள், நிறம் சேர்ப்பாள். ஒரு மணி நேரத்தில் வெறும் பனியனோடு திரிந்த மனிதர் கோட்டுப் போட்டு, பின்னால் நீல வானமும் வெள்ளைப் புறாவுமாக இருப்பார்.

நாங்கள் கோலா சிலாங்கூரில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறோம். நானும் மகளும் மட்டும்தான். வீட்டின் முன்னறைதான் அவளுக்குக் கடை. கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவள், அங்கே ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்துவிட்டாள். அவள் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் நான் “பேனர் செய்யுது” என்பேன். அவளுக்குப் பிடிக்காது. “டிசைனர்னு சொல்லும்மா” என்பாள். எனக்கு அந்த வார்த்தை வாயில் சரியாக வராது. எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம், இதில் இங்கிலீசு வேறு.

கோவில் திருவிழாவுக்கு பேனர், ஒரு வயது பிறந்தநாளுக்குப் பின்னால் வைக்கிற பெரிய அட்டை, முறுக்குப் பாக்கெட்டில் ஒட்டுகிற லேபல், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை, கடல் உணவுக் கடைக்கு மெனு, எல்லாம் செய்வாள். மேசையில் இரண்டு திரைகள். பக்கத்தில் சிலேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை, அதற்கு மையில்லாத பேனா. பலகையில் எழுதினால் பலகையில் ஒன்றும் தெரியாது, கோடு திரையில் போய் விழும். முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. விசிறி மாதிரி விரிகிற வண்ண அட்டைக் கட்டு ஒன்றும் வைத்திருக்கிறாள். நான் கைலியோடு நடந்துபோனால் கூப்பிட்டு நிறுத்தி, அந்த அட்டையை என் இடுப்பில் வைத்துப் பார்ப்பாள்.

“நில்லும்மா, அசையாத. இந்தக் கத்திரிப்பூ கலரு எங்க வாங்கின?”

“பாசார் மாலாமில, ராத்திரிச் சந்தையில. ஏன், உனக்கு வேணுமா?”

“துணி வேணாம். கலரு மட்டும் வேணும்.”

கலரை மட்டும் எப்படி எடுப்பாள் என்று நினைப்பேன். பிறகு ஏதாவது ஒரு கல்யாணக் கார்டில் என் கைலியின் நிறம் இருக்கும். காரில் போகும்போது திடீரென்று ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போவாள். பூட்டிக் கிடக்கிற ஆலையின் துருப்பிடித்த தகரத்தைப் படம் எடுப்பாள். கடலோரத்து ஜெராமில் காய்கிற வலையை எடுப்பாள். அதுதான் அவளுக்கு வேலைக்கான யோசனை எல்லாம் வருகிற இடமாம். ஒருமுறை நான் பிறந்த எஸ்டேட்டுப் பக்கம் போனோம். நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு ஒரு சுவர் மட்டும் மிச்சம் விட்டிருந்தார்கள். அந்தச் சுவரில் ஈரம் ஏறிப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்துக் கிடந்தது. அதற்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் படம் எடுத்தாள்.

“இந்தப் பச்சை எங்கயும் கிடைக்காதும்மா” என்றாள்.

எனக்கு அது என்ன பச்சை என்று தெரியும். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் நானும் அக்காவும் சுண்ணாம்பு அடித்து மறைத்த பச்சை. மழைக்காலம் வந்தால் திரும்பவும் மேலே வரும், வீட்டில் எல்லாருக்கும் இருமல் வரும். அதை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பச்சை பிறகு ஒரு சோப்புப் பெட்டிக்குப் போனது. நன்றாகத்தான் இருந்தது.

செத்தவர்களுக்குப் படம் செய்வதை அவள் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிற்காமல் வருகிற வேலை அதுதான். கல்யாணக் கார்டை இப்போது பிள்ளைகள் போனிலேயே செய்துவிடுகிறார்கள். சாவு வீட்டில் மட்டும் யாருக்கும் போனை நோண்டிக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லை.

என் அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் புல் வெட்டினோம், மருந்து அடித்தோம். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து சுமந்து அக்காவுக்குத் தோள்கள் முன்பக்கமாக வளைந்துவிட்டன. நிமிர்ந்து நின்றாலும் எதையோ தூக்கக் குனிகிற மாதிரிதான் இருப்பாள். எஸ்டேட்டிலேயே வேலை செய்த ஒரு வேதக்காரரைக் கட்டிக்கொண்டு அவரோடு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். பிறகு ஜெராமில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஒரே மகன்.

அக்கா வீட்டுக்காரர் இறந்தபோது அவருக்குப் படம் செய்தது என் மகள்தான். அப்போது இந்த வேலைக்கு அவள் புதுசு. ஐசி முகத்தை எடுத்து ஒரு கறுப்புக் கோட்டின் மேல் வைத்துக் கொடுத்தாள். வந்தவர்கள் எல்லாம் “மனுசன் எவ்வளவு எடுப்பா இருக்காரு பாரு” என்றார்கள். காலம் முழுக்கச் செம்பனை லோரியில் பழக்குலை ஏற்றினவர் அவர். அக்கா மட்டும் படத்துக்கு முன்னால் நின்று, “இந்த ஆளு யாரு?” என்று கேட்டாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று யாரும் காதில் வாங்கவில்லை. மகன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான்.

கொஞ்ச காலம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினாள். மகள் வேலை செய்வதை முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். தலையில்லாத பெண்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு.

“ஏ புள்ள, இந்தச் சேப்புச் சேலைக்காரிக்கு இதுவரைக்கும் எத்தனை தலை மாத்தின?”

“எண்ணல பெரியம்மா. போன வாரம்கூட புக்கிட் ரோத்தான்ல ஒரு பாட்டிக்குப் போட்டேன்.”

“எல்லாரும் ஒரே சேலையக் கட்டிக்கிட்டு மேல போனா ஆண்டவரு யாரு யாருன்னு எப்படிலா கண்டுபிடிப்பாரு? மோட்ச வாசல்ல நிக்கிறவரு கொழம்பிப் போயிட மாட்டாரு?”

மகளும் சிரித்தாள். பிறகு அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“நீ தப்பா எடுத்துக்காதடி. உங்க பெரியப்பாவுக்கு நீ செஞ்ச படம் தெனமும் என் கண்ணு முன்னாடி தொங்குது. இப்போ அவரு தோளு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தா அந்தக் கோட்டுதான் வருது. பனியனுக்கு மேல ஒரு தழும்பு இருக்கும், குலை முள்ளு கிழிச்சது. அது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. அத்தனை வருசம் பக்கத்துல படுத்தவ நான், எனக்கே தெரியல.”

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு மட்டும் இந்த இரவல் உடம்பெல்லாம் வேணாம். நகையும் வேணாம். நான் எப்படி இருக்கனோ, இந்த வளைஞ்ச தோளோட, அப்படியே போடு. என் மவனும் பேரப்புள்ளைங்களும் நெனச்சா நான்தான் வரணும், வேற எவளும் வரக் கூடாது.”

“அப்போ இப்பவே ஒரு படம் எடுத்திரலாம் பெரியம்மா. உக்காருங்க, லைட்டு நல்லா இருக்கு.”

“இந்தச் சட்டையிலயா? தலைகூட வாரலயே. அடுத்த தடவ அந்த மெல்லிசு வாயில் சேலை கட்டிக்கிட்டு வர்றேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “நீ பாத்துக்க புள்ள.”

நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த தடவை வரவில்லை. அவளுக்குக் கிட்னி போய்விட்டது. இரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். முகம் வீங்கியது, பிறகு ஒரேயடியாக வற்றிப் போனது. மகள் ஒருநாள் கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “இது நான் இல்லடி. இத எடுத்துறாத. உடம்பு தேறட்டும்” என்றாள். தேறவில்லை. போன வருடம் ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

அக்கா மகன்தான் போன் பண்ணினான். முதலில் அழுதான், பிறகு படத்தைப் பற்றிப் பேசினான். உடம்பு மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடும், அதற்குள் படம் வேண்டும் என்றான். மகள் போனை மேசையில் வைத்து, எனக்கும் கேட்கிற மாதிரி போட்டாள்.

“அண்ணே, உங்ககிட்ட பெரியம்மா படம் என்னா இருக்கு?”

“ஐசி படம் இருக்கு. அப்புறம் புள்ளைங்க போன்ல எடுத்தது.”

அனுப்பினான். பிள்ளைகள் எடுத்த படங்களில் அக்காவுக்குப் பூனைக் காதும் பூனை மீசையும் இருந்தன. போனே அப்படிப் போட்டுவிடுமாம். ஒன்றில் அக்கா அது தெரியாமல் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் அதைச் சட்டென்று மூடிவிட்டாள்.

“பட்டுச் சேலையாப் பாத்துப் போடு, தங்கச்சி. டீசன்டா இருக்கணும். நகை நெறைய இருக்கட்டும்.”

“பெரியம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க. சாதாரணமாப் போடச் சொன்னாங்க.”

“அம்மா அப்படித்தான் எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்லும். சின்னம்மா இருக்காங்களா? சின்னம்மா, நீங்க சொல்லுங்களேன்.”

நான் போனுக்குப் பக்கத்தில் போனேன். “அக்கா கேட்டுக்கிச்சுப்பா. அது எப்படி இருந்துச்சோ அப்படியே போடச் சொல்லி” என்றேன். அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “சரி, எப்படியோ சீக்கிரம் செய்யுங்க” என்று வைத்துவிட்டான்.

மகள் ஐசி முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது கழுத்தோடு முடிந்தது.

“முகம் இருக்கு. உடம்புக்கு எங்கம்மா போவேன்?”

அப்புறம் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை பார்த்தாள். கைலிக்கு வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“நீ போய் வாயில் சேலை கட்டிக்கிட்டு வாம்மா.”

எனக்குப் படம் எடுத்துக்கொள்வது என்றாலே ஆகாது. கல்யாண வீடுகளில் கேமராவைக் கண்டால் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். என் கல்யாணத்திலேயே குனிந்த தலையைத் தவிர ஒன்றும் விழவில்லை. ஆனால் அன்று மறுக்கத் தோன்றவில்லை. சாம்பல் நிறத்தில் சின்னப் பூப் போட்ட சேலை ஒன்று இருந்தது. அக்காவிடமும் அந்த மாதிரி ஒன்று உண்டு. கட்டிக்கொண்டேன். நெற்றியில் இருந்த திருநீற்றை அழித்தேன். அக்கா திருநீறு பூசுவதில்லை.

மகள் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, பின்னால் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். மூன்று கால் வைத்த கேமரா எதிரே நின்றது.

“நெத்தியை ஏம்மா தொடச்ச? தலை வேணாம். கழுத்துக்குக் கீழதான்.”

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்கு நிம்மதி வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்தது. கண்ணை எங்கே வைப்பது, சிரிப்பதா வேண்டாமா என்ற தொல்லை எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

“பெரியம்மா எப்படி உக்காருவாங்க? அப்படி உக்காரும்மா.”

அக்காவை நினைத்துக்கொண்டு தோளை முன்னால் விட்டேன். அவள் உட்கார்ந்தால் கைகளை மடியில் சும்மா போடமாட்டாள். ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நானும் பிடித்துக்கொண்டேன். கேமரா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “இன்னும் கொஞ்சம் கீழ... ஆ, அதான். அதான்மா” என்றாள் மகள். குரல் உடைந்து போயிருந்தது.

பிறகு அவள் திரைக்கு முன்னால் உட்கார, நான் பின்னால் நின்றேன். அக்காவின் முகத்தை என் கழுத்தின் மேல் கொண்டுவந்து வைத்தாள். பொருந்தவில்லை. யாரோ யாருடைய தலையையோ தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

“வெளிச்சம் சரியில்ல. பெரியம்மா மூஞ்சில அந்தப் பக்கம் இருந்து விழுது, உன் மேல இந்தப் பக்கம் விழுது.”

கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பவும் எடுக்க நேரமில்லை. எதையோ அழுத்தினாள், திரையில் என் உடம்பு அப்படியே பக்கம் மாறித் திரும்பியது. வெளிச்சம் சேர்ந்துகொண்டது. கழுத்து ஒட்டுகிற இடத்தைப் பேனாவால் தேய்த்தாள். அந்த ஒரு கணத்தில் அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். அதே வளைந்த தோள், அதே கை. சேலைத் தலைப்புகூட அவள் போடுகிற மாதிரியே சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தது. நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். மகளும் அழுதாள், அழுதுகொண்டே கையை நிறுத்தாமல் பின்னால் சாம்பல் நிறத்தைப் பூசினாள். புறா வைக்கவில்லை. மூலையில் சின்னதாக ஒரு சிலுவை மட்டும் வைத்தாள்.

டவுனில் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, மத்தியானம் ஜெராமுக்குக் கொண்டுபோனோம். அக்கா மகன் கூடாரத்துக்குள் ஆட்களோடு நின்றான். படத்தை வாங்கிப் பார்த்தான். “அம்மாதான்” என்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பெட்டிக்குத் தலைமாட்டில் ஸ்டேண்டு வைத்து அதில் நிறுத்தினான். அக்கா கேட்டது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

“படத்தப் பாரு. முந்தானை என்னா அந்தத் தோள்ல கெடக்கு?”

“எந்தத் தோள்ல?”

“சோத்துக்கைப் பக்கம்லா. இந்திப் படத்துல வர்ற கெழவி மாதிரி.”

“அய்யே, ஆமாலா. பொணத்துக்குத்தான் எல்லாத்தையும் மாத்தி மாத்திச் செய்வாங்க. படத்துலயுமா மாத்துவாங்க?”

“யாரு செஞ்சது?”

“தங்கச்சி மவளாம். காச்சட்டை போட்டுக்கிட்டுத் திரியுதே, அதுக்கு எங்க சேலை கட்டத் தெரியப்போவுது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. என் தோளைத் தொட்டுப் பார்த்தேன், முந்தானை இடது தோளில் இருந்தது. படத்தில் அக்காவுக்கு வலது தோளில் இருந்தது. உடம்பைத் திருப்பியபோது சேலையும் சேர்ந்து திரும்பிவிட்டது. மகள் வெளிச்சத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், சேலையைப் பார்க்கவில்லை. நானும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை நான் படத்தில் பார்த்து வளர்ந்தவள் இல்லை. கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் முந்தானை அந்தப் பக்கம்தான் விழும். அதனால் என் கண்ணுக்கு அது சரியாகவே தெரிந்தது.

பேச்சு ஆண்கள் பக்கமும் போய்விட்டது. அக்கா மகன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படத்தையும் வந்திருந்த பெண்களின் தோள்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் காது சிவந்துபோனது. மகள் அவனிடம் ஓடினாள்.

“அண்ணே, மன்னிச்சிருங்க. திருப்பிட்டேன். ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிருவேன், லேப்டாப் கார்லதான் இருக்கு, டவுனுக்குப் போய் வேற பிரிண்ட்...”

“வேணாம் தங்கச்சி.”

“இல்லண்ணே, இன்னும் பெட்டி தூக்க நேரம் இருக்கே...”

“வேணாம்னு சொல்றேன்ல. எல்லாரும் பாத்துச் சிரிச்சாச்சு. பட்டுச் சேலையாப் போடுன்னு சொன்னேன். கேட்டீங்களா?”

சட்டத்தை எடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். கோபமாகக்கூடக் கொடுக்கவில்லை. “இதக் கொண்டுபோயிருங்க சின்னம்மா” என்றான். நான் முகம் உள்ளே இருக்கும்படி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா முன்னால் படம் இல்லாமலே கல்லறைக்குப் போனாள். படத்தை ஏந்தி முன்னால் போக வேண்டிய பேரன் வெறுங்கையோடு நடந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள். அக்கா முகம் இருக்கிறது, கிழிக்காதே என்றேன். அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பிறகு அவள் உட்கார்ந்து, திரையில் என் உடம்பை இருந்த பக்கத்துக்கே திருப்பினாள். இப்போது வெளிச்சம் சேராது. நிழலை எல்லாம் பேனாவால் தொட்டுத் தொட்டு மாற்றினாள். நான் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. முடிந்ததும் அக்கா மகனுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக் கூப்பிட்டான். போனோம். கூடத்தில் நுழைந்ததும் பார்த்தேன். அவன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் புதுப் படம் மாட்டியிருந்தது. அரக்குப் பட்டு, அகலமான ஜரிகை. கழுத்தில் மூன்று வரிசை நகை. தோள்கள் நேராக, இளம் பெண்ணுக்கு இருப்பது போல உருண்டு இருந்தன. அதற்கு மேலே அக்காவின் ஐசி முகம், சுருக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டு. முந்தானை சரியான தோளில் இருந்தது. வேறு ஊரில் யாரிடமோ செய்திருக்கிறான்.

ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். படத்தைத்தான் பார்த்தான்.

“சின்னம்மா, நல்லாருக்கா?”

நான் ஜரிகையைப் பார்த்தேன்.

“அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் குடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நெனப்பேன். அடுத்த வருசம், அடுத்த வருசம்னு போயிருச்சு. படத்துலயாவது கட்டிக்கட்டும்னுதான்...”

பெரிய ஆள், தலை நரைக்கத் தொடங்கியவன், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அக்கா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவள் நினைத்தது இவனுக்காகத்தான், இவன் நினைக்கும்போது தான்தான் வரவேண்டும் என்று. அதை இவனிடமே எப்படிச் சொல்வது?

“நல்லாருக்குப்பா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். என் கையைப் பிடித்துக்கொண்டான். மகள் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் படத்துக்குக் கிட்டே போய்க் கழுத்துப் பக்கம் பார்த்தாள். “சுத்தமா ஒட்டியிருக்காங்கண்ணே. நல்ல வேலை” என்றாள். அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எங்களுக்கு அவனே சோறு போட்டான்.

திரும்பும் வழியில் மகள்தான் காரை ஓட்டினாள்.

“ஏம்மா அண்ணன்கிட்ட ஒன்னும் சொல்லல?”

“அவன் அழுதான்டி.”

“பெரியம்மா கேட்டது அப்போ?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நான் சரி பண்ணின படத்தப் பெரிசாப் பிரிண்ட் போடுறேன். நம்ம வீட்ல மாட்டலாம். நம்ம வீட்லயாவது பெரியம்மா பெரியம்மாவா இருக்கட்டும்.”

“வேணாம்.”

“ஏன்? இப்போதான் எல்லாம் சரியா இருக்கே.”

“செத்தவங்க படம்னு மாட்டினா மாலை போடணும், விளக்கு வைக்கணும். அதுல கழுத்துக்குக் கீழ நான்லா இருக்கேன். உசுரோட நடமாடுறவளுக்கு எப்படிடி மாலை போடுவ?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. நானும் அதுவரை யோசித்திருக்கவில்லை, சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

“அப்போ அந்தப் படத்த என்னாம்மா செய்யறது?”

“தெரியலடி” என்றேன்.

கடைகள் முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவள் மெதுவாக ஓட்டினாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும், சேலையைக்கூட மாற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருக்கிற அந்தப் படத்தை அவள் அழிக்கவில்லை. பிரிண்ட்டும் போடவில்லை.